உடல் பர்மிங்காம், குழல் லியேஜ்

14 நவம்பர் 2023, செவ்வாய்

இது என் வீட்டுக்காரருடைய டைரி. உரக் கடைக்காரர் கொடுத்தது. மே 29 வரை மழை அளவு, மருந்தடிப்பு, யார் யார் வேலைக்கு வரவில்லை என்று எழுதியிருக்கிறார். ஜூன் 2 அன்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. எனக்கு டைரி எழுதும் பழக்கம் கிடையாது. முப்பத்து மூன்று வருடம் பிள்ளைகளை எழுதச் சொன்னதோடு சரி. இப்போது என்னை எழுதச் சொன்னது போலீஸ்.

அவருடைய இரட்டைக்குழல் துப்பாக்கியை ஒப்படைத்துவிட்டு வரலாம் என்று காலையில் தாண்டிக்குடி ஸ்டேஷனுக்குப் போனேன். காட்டுப்பன்றிக்காக வாங்கிய லைசென்ஸ். ஆள் இல்லாத வீட்டில் துப்பாக்கி எதற்கு? கொடுத்தோம், கையெழுத்துப் போட்டோம், பத்து மணி பஸ்ஸைப் பிடித்தோம் என்று வந்துவிடலாமென்று நினைத்தேன். ஏட்டம்மா தவமணி புதிதாக மாற்றலாகி வந்தவர். துப்பாக்கியை மடக்கி, குழலைக் கழற்றி, திருப்பிப் பார்த்தார்.

"மேடம், லைசென்ஸ்ல 7316. விசைக்குக் கீழ இருக்குற தகட்டுலயும் 7316. ஆனா குழலுக்கு அடியில 20944னு இருக்கே?"

"அதை நீங்கதானம்மா சொல்லணும். இத்தனை வருஷமா பாத்துப் பாத்துப் புதுப்பிச்சுக் குடுத்தது நீங்கதானே?"

"எனக்கு முன்னாடி யாரும் கழட்டிப் பாக்கலை போல. ரெண்டு துப்பாக்கியைச் சேத்து ஒண்ணாக்கின மாதிரி இருக்கு. அப்ப மிச்சம் எங்க?"

மிச்சம் எங்கே என்று என்னிடம் கேட்டால்? நான் அந்தச் சனியனைத் தொட்டதுகூடக் கிடையாது. டிசம்பர் 14, திண்டுக்கல் கலெக்டர் ஆபீசில் விசாரணை. அதற்குள் பழைய குழலுக்குக் கணக்குச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் இன்னொரு துப்பாக்கியை ஒளித்து வைத்திருப்பதாகவோ விற்றுவிட்டதாகவோ வழக்கு. வழக்கு செத்தவர் மேல் வராது, வீட்டில் இருப்பவள் மேல்தான் வரும். "எல்லாத்தையும் தேதி போட்டு எழுதி வைங்க மேடம், கேட்டா உதவும்" என்றார் தவமணி. அந்தப் பெண் மேல் கோபம் வருகிறது. ஆனால் அவள் வேலையை அவள் ஒழுங்காகச் செய்திருக்கிறாள், அதுதான் எரிச்சல்.

15 நவம்பர், புதன்

காபிப் பழம் எடுப்பு தொடங்கி மூன்றாம் நாள். பதினாறு பேர் வந்தார்கள். பழத்தோலை உரிக்கும் பல்ப்பர் மெஷினில் பெல்ட் நழுவுகிறது. மூன்று முறை களத்துக்கும் வீட்டுக்கும் நடந்தேன். எதற்கு என்று கேட்டால் எனக்கே தெரியாது. உட்கார முடியவில்லை.

பல்ப்பர் சடையாண்டியின் பொறுப்பு. நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இந்தத் தோட்டத்தில் இருக்கிறான். என்னைவிட நாலு வயது மூத்தவன். 1987 ஜனவரியில் குடித்துவிட்டுப் பல்ப்பரில் கையை விட்டான். இடது கையில் மூன்று விரல் போயிற்று. அதன் பிறகு குடித்து நான் பார்த்ததில்லை. ஒவ்வொரு வருடமும் எடுப்பு தொடங்கும் அன்று புது ஆட்களை வரிசையாக நிறுத்தி அவன் கையைத் தூக்கிக் காட்டச் சொல்வேன். "குடிச்சிட்டு மெஷின் பக்கம் போனா இதான் கதி." இந்த வருடமும் காட்டினான். டீச்சர் புத்தி எனக்குப் போகாது.

20 நவம்பர், திங்கள்

திண்டுக்கல் போய் வந்தேன். ஸ்டேஷனிலிருந்து துப்பாக்கியைக் காசிம் ராவுத்தர் கடையில் வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். லைசென்ஸ் உள்ள ஆயுதக் கடை. அவருடைய அத்தா காலத்திலிருந்து நடக்கிறது. காசிமுக்கு ஐம்பது வயது இருக்கும். அவர் தங்கச்சி என்னிடம் ஆறாம் வகுப்பு படித்தவள் என்பதால் அவரும் என்னை டீச்சர் என்றே கூப்பிடுகிறார்.

"இது லண்டன் துப்பாக்கி" என்றேன். என் வீட்டுக்காரர் வருகிறவர்களிடமெல்லாம் அப்படித்தான் சொல்வார். கொடைக்கானலில் ஊரைவிட்டுப் போன ஒரு எஸ்டேட் மேனேஜரிடம் வாங்கியது. பக்கத் தகட்டில் 'பெல்கிரோவ், லண்டன்' என்று பூவேலைக்கு நடுவே வெட்டியிருக்கும். விருந்தாளி வந்தால் காபிக்கு முன்னால் அந்தத் தகட்டைக் காட்டுவார்.

காசிம் சிரித்தார். "பேரை எவன் வேணா வெட்டலாம் டீச்சர். நம்ம பஸ் ஸ்டாண்டுல திருநெல்வேலி அல்வான்னு போர்டு இல்லையா? முத்திரையைப் பாக்கணும். வெடிச்சுச் சோதிச்சுப் பாத்த ஊர்க்காரன் குத்துறது அது."

குழலைக் கழற்றினார். மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் உடலின் தட்டையான பகுதியைத் தேய்த்தார். துருவுக்குக் கீழே இரண்டு செங்கோல் குறுக்காக, மேலே ஒரு கிரீடம். பூதக்கண்ணாடியை என்னிடம் கொடுத்தார். பர்மிங்காம் முத்திரை என்றார். பக்கத்திலேயே 7316. ஆக லண்டன் பெருமை அங்கேயே முடிந்தது. முப்பத்தெட்டு வருடம் அல்வாவை விற்றிருக்கிறார் மனுஷன்.

பிறகு குழலைத் திருப்பினார். அதில் செங்கோல் இல்லை. முட்டை வடிவ வளையம், உள்ளே இ, எல், ஜி என்று மூன்று எழுத்து, உச்சியில் சின்னக் கிரீடம்.

"லியேஜ். பெல்ஜியம். உடம்பு ஒரு நாடு, குழல் ஒரு நாடு. பர்மிங்காம்ல செஞ்ச துப்பாக்கின்னா ரெண்டுலயும் ஒரே ஊர் முத்திரை இருக்கணும். இது இங்க வந்ததுக்கு அப்புறம் குழலை மாத்தியிருக்காங்க."

"யாரு மாத்துனா?"

அவர் குழலின் அடிக்கொக்கியை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். நானும் எட்டிப் பார்த்தேன். ஏதோ மூன்று புள்ளி தெரிந்தது. "துரு, டீச்சர்" என்று துணியைப் போட்டு மூடிவிட்டார்.  டீ வாங்கி வரச் சொன்னார். நான் கேட்கவே இல்லை, பட்டர் பிஸ்கட்டும் வந்தது.

21 நவம்பர், செவ்வாய்

வீட்டைத் தலைகீழாகப் புரட்டினேன். பரண், கட்டிலடி, உர அறை, அவருடைய டிரங்குப் பெட்டி. பழைய குழல் இல்லை. கிடைத்தது: பழுதான டார்ச் ஐந்து, ஒற்றைக் கால் ரப்பர் பூட்ஸ் மூன்று, மகள் ஜெனிட்டாவின் ஞானஸ்நானக் கவுன்.

முப்பத்தெட்டு வருடம் ஒரே படுக்கையில் படுத்த மனுஷன், ஒரு துப்பாக்கியை இரண்டு நாடாக ஆக்கி வைத்துவிட்டு ஒரு வார்த்தை சொல்லவில்லை. இன்னும் என்னென்ன சொல்லவில்லையோ! யாருக்கு விற்றார்? எதற்கு விற்றார்? அவர் போட்டோவுக்கு இன்று பூ வைக்கவில்லை. வேண்டுமென்றேதான் வைக்கவில்லை.

சாயங்காலம் சடையாண்டியிடம் கேட்டேன்.

"ஐயா துப்பாக்கிக்குக் குழல் மாத்துனது உனக்குத் தெரியுமா?"

"பெல்ட் ரொம்ப நழுவுது டீச்சரம்மா. வத்தலக்குண்டுல சொல்லி வேற வாங்கணும்."

"நான் பெல்ட்டைப் பத்திக் கேக்கலை."

"ஆமாங்க. ஆனா நழுவுதுல்ல?"

காது மந்தமாகிவிட்டது போல.

23 நவம்பர், வியாழன்

மழை 42 மில்லி. களத்தில் தார்ப்பாய் போட்டோம். வேறொன்றும் இல்லை.

27 நவம்பர், திங்கள்

காசிம் போன் செய்தார். எடுத்த எடுப்பிலேயே, "டீச்சர், அன்னைக்கு நான் உங்ககிட்ட உண்மையைச் சொல்லலை" என்றார்.

அந்த மூன்று புள்ளி துரு இல்லையாம். அவருடைய அத்தாவின் அடையாளம். பழுது பார்த்த துப்பாக்கியில் யாரும் பார்க்காத இடத்தில் மூன்று புள்ளியும் வருடத்தின் கடைசி இரண்டு எண்ணும் குத்துவாராம். இதில் 87. உடைந்து வந்த ஒரு பெல்ஜியம் துப்பாக்கியின் குழலை எடுத்து இந்த உடலில் பொருத்தியிருக்கிறார். எங்கேயும் பதிவு செய்யவில்லை. செய்திருந்தால் லைசென்ஸிலும் மாற்றியிருக்க வேண்டும்.

"அத்தா மௌத்தாகி ஒம்பது வருஷம் ஆச்சு. அவர் பேரு வெளிய வருமேன்னு ஒரு வாரமா எனக்குச் சோறு எறங்கலை."

கோபப்படலாம் என்று நினைத்தேன். ஆனால் என்னைப் போலவே இன்னொருவரும் செத்துப்போனவரை நினைத்துக் குமைகிறார் என்று கேட்கக் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது. "நல்லா இருக்குற குழலை எதுக்குக் காசிம் மாத்துவாங்க?" என்று கேட்டேன்.

"நல்லா இருந்தா மாத்த மாட்டாங்க. வெடிச்சிருக்கும்."

"வெடிச்சா சுடுறவனுக்கு என்ன ஆகும்?"

"வலது கை விசையில இருக்கும், அது தப்பிச்சிரும். குழலைத் தாங்கிப் பிடிக்கிறது இடது கை. அது போயிரும்."

87-இல் எங்கள் வீட்டில் நடந்தவை இரண்டு. மார்ச்சில் ஜெனிட்டா பிறந்தாள். ஜனவரியில் சடையாண்டிக்குப் பல்ப்பரில் கை போனது. இரண்டுக்கும் துப்பாக்கிக்கும் சம்பந்தம் இல்லை. அவருக்குக் கை இரண்டும் கடைசி வரை நன்றாகத்தான் இருந்தது.

29 நவம்பர், புதன்

புது பெல்ட் வந்தது. மாட்டினார்கள். சரியாக ஓடுகிறதா என்று பார்க்கத்தான் பல்ப்பர் பக்கம் போனேன். ஒரு மணி நேரம் நின்றேன். சடையாண்டி பழத்தை வலது கையால் தள்ளுகிறான். அவன் மட்டுமில்லை, யார் நின்றாலும் வலது கையால்தான் தள்ளுகிறார்கள். இடது பக்கம் சுவர். அந்தப் பக்கம் கை போக வழியே இல்லை. 1987-இலும் அதே மெஷின், அதே சுவர்.

"என்ன டீச்சரம்மா, அப்பிடிப் பாக்குறீங்க?"

"பெல்ட்டைப் பாக்குறேன்."

ராத்திரிக்கு ரசம் மட்டும்.

2 டிசம்பர், சனி

இனிமேலும் சுற்றி வளைக்க என்னால் முடியாது. ஆட்கள் போன பிறகு சடையாண்டியை நிறுத்தினேன்.

"உன் இடது கையை இந்த மெஷின்ல விட்டுக் காட்டு பாப்போம்."

அவன் மெஷினைப் பார்த்தான், சுவரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். தோள் துண்டை எடுத்து வழக்கம்போல அந்தக் கையைச் சுற்றிக்கொண்டான்.

"ஐயாகிட்ட சத்தியம் பண்ணிக் குடுத்துருக்கேன்."

"ஐயா போய்ட்டார். எனக்குப் பதினாலாம் தேதி விசாரணை. நான் ஜெயிலுக்குப் போகணுமா?"

அதற்கு மேல் அவனால் தாங்க முடியவில்லை. நின்றபடியே சொன்னான். மேல்காட்டில் பன்றி இறங்கிய இரவு. இவருக்குக் காய்ச்சல். லைசென்ஸ் இவர் பேரில். வேறு ஆள் தொடக் கூடாது. ஆனாலும் துப்பாக்கியைச் சடையாண்டி கையில் கொடுத்து அனுப்பியிருக்கிறார். முதல் தடவை விசையை இழுத்தபோது வெடிக்கவில்லை. மடக்கிப் பார்த்தால் குழலில் தோட்டா இல்லை. இருட்டில் போட மறந்துவிட்டோம் என்று நினைத்து வேறொன்று போட்டுச் சுட்டிருக்கிறான்.

"அப்பறம் எனக்கு ஒண்ணும் தெரியலைங்க. கண்ணு முழிக்கயில மதுர ஆஸ்பத்திரி."

"பல்ப்பர்னு ஏன் ரெண்டு பேரும் சொன்னீங்க?"

"ஐயாதான் சொல்லச் சொன்னாரு. மெஷின்ல அடிபட்டா போலீசு வராதுல்ல. குடிச்சிருந்தான்னு சேத்துக்கிட்டா யாரும் மேல கேள்வி கேக்க மாட்டாங்கன்னாரு."

"நீ குடிச்சிருந்தியா?"

"நான் குடிச்சதே இல்லீங்க. எங்கப்பன் குடிச்சே செத்தவன்."

முப்பத்தாறு வருடம். எத்தனை புது ஆட்கள், எத்தனை வரிசை. ஒவ்வொரு முறையும் நான் சொன்னவுடன் கையைத் தூக்கிக் காட்டினான்.  இப்போது நான் சொல்லாமலே, அவனே மண்வெட்டியை எடுத்துக்கொண்டு காபி ஊறப்போடும் தொட்டியின் பின்னால் போய், முழங்கால் ஆழம் தோண்டி, தார் பூசிய சாக்கு ஒன்றை எடுத்துவந்து வைத்தான். பழைய குழல். வலது பக்கக் குழல் நடுவில் உரித்த வாழைப்பழம் மாதிரி பிளந்திருந்தது.

அவர் மேல் எனக்கு இவ்வளவு ஆத்திரம் என்றைக்கும் வந்ததில்லை. தன் லைசென்ஸைக் காப்பாற்றிக்கொள்ள ஒருத்தனைக் குடிகாரனாக்கியிருக்கிறார். போட்டோவை எடுத்து மேசை டிராயருக்குள் வைத்துவிட்டேன்.

3 டிசம்பர், ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை.

5 டிசம்பர், செவ்வாய்

காசிமை வரச் சொல்லியிருந்தேன். பைக்கில் வந்தார். முதலில் பழைய குழலின் அடியைத் துடைத்தார்: செங்கோல், கிரீடம், 7316. "உடம்பும் குழலும் ஒண்ணு சேந்துருச்சு டீச்சர். இது போதும், நீங்க தப்பிச்சீங்க" என்றார். எனக்கு மூச்சு வந்தது.

அவர் அதோடு விடவில்லை. குறடு போட்டுப் பிளவுக்குள்ளிருந்து எதையோ நெம்பினார். நசுங்கிய பித்தளைத் தொப்பி ஒன்று வந்தது. எலுமிச்சம்பழத் தோலால் தேய்த்துக் கண்ணாடியில் பார்த்தார்.

"இருபது போர் தோட்டா. போர்னா குழலோட அளவு, நம்பர் கூடினா ஒல்லி. இந்தத் துப்பாக்கி பன்னெண்டு போர். இருபது கொஞ்சம் ஒல்லி டீச்சர். பன்னெண்டு குழல்ல போட்டா வழுக்கி உள்ள போய் நின்னுக்கும். பின்னாடி இருந்து பாத்தா காலியாத் தெரியும். அது மேல சரியான தோட்டாவைப் போட்டுச் சுட்டா ரெண்டும் சேந்து வெடிக்கும். துப்பாக்கிக்காரங்க ரெண்டையும் ஒரே வீட்டுல வைக்கவே பயப்படுவாங்க. யாரு கலந்தா இதை?"

வெளியே நின்ற சடையாண்டி, "அதெல்லாம் எதுக்குங்க இப்ப?" என்றான். சட்டென்று, அவசரமாக.

இருபது போர் துப்பாக்கி என் மாமனாருடையது. அவர் இறந்ததும் சர்க்காரில் ஒப்படைத்துவிட்டார்கள். மிஞ்சிய தோட்டா ஒரு அட்டைப் பெட்டியில் இருந்தது, இவருடையது இன்னொரு பெட்டியில். இரண்டும் சிவப்புக் காகிதம் சுற்றியவை. 1986 கிறிஸ்துமஸுக்கு வெள்ளையடித்தபோது அலமாரியை ஒழுங்கு செய்தது நான். இரண்டு பாதிப் பெட்டிக்கு ஒரு பிஸ்கட் டின் போதுமே என்று எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டி மூடி, மேலே 'தோட்டா' என்று அழகாக எழுதி ஒட்டினேன். ஒல்லியும் குண்டுமாக இருந்ததைப் பார்த்த ஞாபகம்கூட இருக்கிறது. என்ன கேடு வந்துவிடப் போகிறது என்று நினைத்தேன்.

காசிம் போகும் வரை காத்திருந்தேன்.

"சடையாண்டி, அந்த டின் என் வேலைன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியுங்க."

"எப்ப?"

"ஆஸ்பத்திரியில ஐயா சொன்னாரு. ஜெனிட்டாம்மா வகுத்துல ஏழு மாசம். அதுக்கு முன்ன ரெண்டு தங்கலையேம்மா உங்களுக்கு. இவளுக்குத் தெரிஞ்சா புள்ளை நிக்காதுடா, பெறந்த பெறகு நானே பக்குவமாச் சொல்லிக்கிறேன்னு என் காலப் புடிச்சாரு." பிறகு அவனே, "லைசென்ஸ் பயமும் இருந்துச்சு. இல்லைன்னு சொன்னா பொய்யாயிரும்" என்றான்.

பிறந்த பிறகு சொல்கிறேன் என்றவர் கடைசி வரை சொல்லவில்லை. இந்த மனுஷனை நான் திட்டவா, கும்பிடவா? போட்டோவை டிராயரிலிருந்து எடுத்தேன். மறுபடி உள்ளே வைத்தேன். மறுபடி எடுத்தேன்.

6 டிசம்பர், புதன்

கழுவிய டம்ளரையே கழுவிக்கொண்டிருந்தேன். இருபது கிலோ பழம் தொட்டியிலிருந்து வழிந்து வீணாகிவிட்டது, என் கவனக்குறைவு.

7 டிசம்பர், வியாழன்

காசிம் போனில் ஒரு யோசனை சொன்னார். "குழல் துருப்பிடிச்சுப் போச்சு, மாத்திட்டோம், பழசு இந்தா இருக்குன்னு எழுதிக் குடுங்க டீச்சர். பிளந்த பக்கத்தை நான் வெட்டிடுறேன். உங்க வீட்டுக்காரர் பேரு, எங்க அத்தா பேரு, சடையாண்டி பேரு எதுவும் கெடாது."

சடையாண்டி பேர் கெடாதாம்! அது கெட்டு முப்பத்தாறு வருடம் ஆகிறது, கெடுத்தது நான் என்று கத்திவிட்டேன். பாவம் காசிம், அவரிடம் கத்தி என்ன பயன்? பிறகு நானே திரும்பக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். ஆனாலும் அந்த யோசனை நாளெல்லாம் மண்டைக்குள் சுற்றியது. எவ்வளவு சுலபம். ஒரு வரி எழுதினால் போதும். நான் அந்த ஒரு வரியை எழுதியும் பார்த்தேன். கையெழுத்து நன்றாகத்தான் வந்தது.

9 டிசம்பர், சனி

கிழித்துப் போட்டேன். நடந்ததை நடந்தபடி எழுதி சடையாண்டிக்கு வாசித்துக் காட்டினேன்.

"நீ சுட்டதா எழுதியிருக்கேன். லைசென்ஸ் இல்லாத ஆள். உனக்கும் வம்பு வரலாம். வேணாம்னா இப்பவே சொல்லிரு."

"எழுதுங்கம்மா. குடிச்சிருந்தேன்னு மட்டும் எழுதாதீங்க."

'அன்று அவர் குடித்திருக்கவில்லை. என்றுமே குடித்ததில்லை' என்ற வரிக்குக் கீழே கோடு போட்டேன். கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டியிருந்தது.

14 டிசம்பர், வியாழன்

கலெக்டர் ஆபீஸ். பதினொன்றுக்கு என்று சொல்லி இரண்டரைக்குக் கூப்பிட்டார்கள். அந்த வராந்தாவை எத்தனை முறை அளந்தேனோ. தவமணி, காசிம், நான், சடையாண்டி. சடையாண்டி வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தான், கை துண்டுக்குள். மேசை மேல் துப்பாக்கியும் பிளந்த குழலும் பித்தளைத் தொப்பியும்.

அதிகாரி சின்ன வயசுக்காரர். காசிம் இரண்டு குழலின் முத்திரையையும் காட்டி விளக்கினார். மூன்று புள்ளிக்கு வந்தபோது தொண்டையைச் செருமிக்கொண்டு, "இது எங்க அத்தா வேலை சார்" என்றார். நான் அவர் பக்கம் திரும்பிப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

என் வாக்குமூலத்தை அதிகாரி முழுக்கப் படித்தார்.

"அம்மா, தோட்டாவைக் கலந்தது நீங்கன்னு எழுதணும்னு கட்டாயம் இல்லை. குழல் வெடிச்சதுன்னு இருந்தாலே போதுமே?"

"உங்க ஃபைலுக்குப் போதும் சார். எனக்குப் போதாது."

சடையாண்டியைப் பார்த்து, "இதெல்லாம் உண்மையா பெரியவரே?" என்றார். அவன் துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு, கையை மேசை மேல் குழலுக்குப் பக்கத்தில் வைத்தான். யாரும் காட்டச் சொல்லவில்லை.

"உண்மைங்க. பன்னியைத்தான் சுட்டேன். அதுவும் படலை."

அதிகாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டார். துப்பாக்கியும் இரண்டு குழலும் சர்க்காருக்குப் போகும், இத்தனை வருடம் கழித்து வழக்கு வேண்டாம் என்று தான் எழுதப்போவதாகச் சொன்னார். வெளியே வந்ததும் தவமணி என் கையைப் பிடித்துக்கொண்டார். பஸ்ஸில் சடையாண்டி ஜன்னலோரம் உட்கார்ந்து வத்தலக்குண்டு வரை தூங்கினான். எனக்குத் தூக்கம் வரவில்லை. இன்னும் ஒருத்தரிடம் சொல்ல வேண்டியிருக்கிறது.

15 டிசம்பர், வெள்ளி

காலையில் தோட்ட ஆட்கள் குடியிருக்கும் லைன் வீட்டுக்குப் போனேன். சடையாண்டி கூடவே வந்து வாசலோடு நின்றுவிட்டார். அவர் மனைவி வெள்ளத்தாயி அரிசி களைந்துகொண்டிருந்தாள். எனக்குப் பலகை எடுத்துப் போட்டாள். அந்த வீட்டுக்குள் நான் உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை என்று உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது.

என்ன சொல்ல வேண்டும் என்று வரிசையாக யோசித்து வைத்திருந்தேன். முதலில் துப்பாக்கி, பிறகு டின், பிறகு மன்னிப்பு. "வெள்ளத்தாயி, உன் வீட்டுக்காரர் கை பல்ப்பர்ல போகலை" என்று ஆரம்பித்தேன்.

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போகயில கையை மடியில வச்சிருந்தது நானு. காப்பிப்பழ வாசத்துக்கும் கருமருந்து வாசத்துக்கும் எனக்கு வித்தியாசம் தெரியாதா? முந்தானை பூராம் கருகல். வாயில ஒரு சொட்டு சாராய வாசம் இல்லை."

"அப்ப ஊரெல்லாம் குடிகாரன்னு சொல்றப்போ, நான் சொல்றப்போ, நீ ஏன் ஒரு வார்த்தை சொல்லலை?"

அவள் களைந்த தண்ணீரை வடித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"ஊரு சொன்னா எனக்கென்ன டீச்சரம்மா. எங்க மனுசன், அது வாயால எங்கிட்ட சொல்லும்னு இருந்தேன். இன்னைக்குச் சொல்லும், நாளைக்குச் சொல்லும்னு. நாலு புள்ளை பெத்தாச்சு, பேரன் எடுத்தாச்சு. எங்கிட்டயும் பல்ப்பர்னுதான் சொல்லுச்சு. கட்டுனவளை நம்பலையேன்னு, அதான் எனக்கு. கை போனதுக்கு நான் அழுகலை."

நான் பறித்தது மூன்று விரல் மட்டும்தான் என்று பத்து நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இருந்தாலும் பழக்கதோஷம், விளக்கிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். "அது ஏன்னா வெள்ளத்தாயி, அப்ப நான் முழுகாம..."

"நீங்க சொல்லாதீங்க" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. "நீங்க சொல்லி நான் என்ன பண்ண? அதுக்கு வாய் இல்லையா?"

எழுந்து வெளியே வந்தேன். சடையாண்டி படியில் துண்டைக் கையில் பிடித்தபடி நின்றார். எல்லாம் காதில் விழுந்திருக்கும்.

"உள்ள போங்க" என்றேன். "நீங்க குடுத்த சத்தியம் முடிஞ்சுபோச்சு. போய்ச் சொல்லுங்க."

அவர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, குனிந்து உள்ளே போனார்.

பதினொரு மணி வரை பல்ப்பர் ஓடவில்லை. ஆட்கள் வந்து வந்து என்னைக் கேட்டார்கள். சடையாண்டி வரும்வரை யாரும் மெஷினைத் தொட வேண்டாம், அவர் வீட்டில் பேசிக்கொண்டிருக்கிறார் என்று சொல்லிவிட்டு, நானே களத்தில் இறங்கிக் காபியைக் கிளறிக்கொண்டிருந்தேன்.